கலர் வேற, காந்தல் வேற

மாப்ள,

இரண்டு நாளாக விடாத தூறல். கொடியில் போட்ட சட்டை ஒன்றுகூடக் காயவில்லை என்று பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டினேன். பையில் ஏதோ உறுத்தியது. கையை விட்டு எடுத்தால் நீ வெட்டிக் கொடுத்த தோல் துண்டு. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். கரும்சிவப்பு. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. நீ உன் வீட்டு மாடிப்படி ஏறி வரும்போது உனக்கு முன்னால் வந்து சேருமே, அதே வாடை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன். தனியாக இருக்கிறவன் வீட்டில் பால் பொங்கினால் ஏசுவதற்குக்கூட ஆள் கிடையாது.

நீ போய் ஆறு மாசம் ஆகப்போகிறது. உன்னை அடக்கிய பிறகு கபர்ஸ்தான் வாசல் வரைக்கும் இரண்டு தடவை வந்தேன். உள்ளே வந்து என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டேன். வாயைத் திறந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான் என்பது உனக்குத் தெரியாததா? எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

நம் பழக்கமே ஒரு முறைப்பில்தானே ஆரம்பித்தது. உன் மகள் ஜமீலாவைத் தாவரவியலில் சேர்க்க நீ கல்லூரிக்கு வந்த அன்று, சும்மா இருக்க மாட்டாமல் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தாய். நான் அங்கே அட்டெண்டர். அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒரு ஜாடியில் பார்மலினில் ஊறிக்கொண்டு குடுவைச் செடியின் துண்டு ஒன்று. இலை நுனியில் இருந்து கயிறு போல ஒரு கொடி இறங்கி, அதன் முடிவில் மூடி வைத்த ஒரு கெண்டி. பூச்சி அதன் விளிம்பில் வழுக்கி உள்ளே விழும், உள்ளே இருக்கிற நீரில் செரித்துப்போகும் என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிற மேடம் சொல்லுவார். நான் ஜாடியைத் தூக்கிக் காட்டுவேன். நீ அதன் முன்னால் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாய்.

"இதோட அசல் கலர் என்னங்க?"

மருந்தில் போட்டால் எல்லாம் வெளுத்துவிடும், இப்போது இதுதான் கலர் என்றேன்.

"இப்ப உள்ளது தெரியுது. உசுரோட இருக்கையில என்ன கலரு?"

"தெரியாது."

"எத்தனை வருசமா இதைத் தொடச்சு வைக்கிறீங்க?"

"இருபத்தெட்டு."

"அம்புட்டு வருசமாத் தொடச்சும் கலர் என்னன்னு கேக்கத் தோணலையா?"

எனக்கு வந்தது பார் ஆத்திரம்! "அட்மிஷன் போட வந்தமா, போனமான்னு இருங்க பாய்" என்று சொல்லிவிட்டேன். நீ கோபிக்கவில்லை, சிரித்தாய். தோல் பதனிடுகிற ஷாப்பில் சாயம் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை, அதனால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் குழம்பின் கலரைத்தான் முதலில் பார்ப்பேன் என்று நீயே சொன்னாய். நீ போய்விட்டாய். அந்தக் கேள்வி போகவில்லை. மறுநாள் ஜாடியைத் துடைக்கும்போது, வைக்கோல் நிறத்தில் கிடந்த அந்தக் கெண்டியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் ஜமீலாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் நீ வந்துபோக ஆரம்பித்தாய். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தபோது கேதம் கேட்க ஊரே வந்தது. பதினாறு முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தவன் நீ ஒருத்தன்தான். வந்து பெரிதாக ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டாய். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாய். "செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்பாய். அந்தச் செத்த நேரம் இரண்டு மணி நேரம் ஆகும். எப்போது பாய் மாப்ள ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. உன் மனைவி எனக்குத் தங்கச்சி ஆனாள், நான் அவளுக்கு அண்ணன் ஆனேன். சேவுகம்பட்டியில் இருக்கிற என் கூடப்பிறந்த தங்கச்சி, 'உனக்கு ரம்ஜான் கஞ்சி கொடுக்கத் தங்கச்சி கிடைச்சிட்டா, இனி எங்க வீட்டுப் பொங்கல் எதுக்கு' என்று பொய்க்கோபம் கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

நான் ரிட்டையர் ஆன அன்று ஆளாளுக்குச் சால்வை போட்டார்கள். நீ மட்டும் ஓட்டை போட்ட ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றாய். கேரளாவில் ஏதோ நர்சரியில் இருந்து கொரியரில் வரவழைத்தது. பிரித்தால் உயிரோடு ஒரு குடுவைச் செடி! இலை பச்சை, கெண்டி இளம்பச்சை, அதன் உதடு மட்டும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பு. எல்லோர் முன்னாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அசல் கலர், பாத்துக்க" என்று மட்டும் சொன்னாய்.

அந்தச் செடியை நான் இருபது நாளில் கொன்றேன். போர் தண்ணீரை ஊற்றினேன். நம் ஊர்த் தண்ணீரைக் குடித்து நாம் பிழைத்துக் கிடக்கிறோம், அது பிழைக்கவில்லை. முதலில் இலை நுனி காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது, அப்புறம் பாதி இலை, அப்புறம் முழுச்செடி. நீ காய்ந்த இலையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாய். "உப்பு" என்றாய். "எங்க ஷாப்புக்கு வர்ற தோலெல்லாம் உப்புல கெடந்துதான் வரும். அந்த உப்பு மொத்தமாப் போற வரைக்கும் அலசணும். உப்பு போகாம சாயத்துல போட்டா திட்டுத் திட்டா நிக்கும். செடிக்கும் அதேதான் போலருக்கு" என்றாய். தாவரவியல் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். தோல்காரன் நீ வந்து சொல்லித்தான் எனக்கு அது விளங்கியது.

அடுத்த செடி உன் வீட்டு மாடியில் வந்து இறங்கியது. என் வீடு கீழ்த்தளத்து வாடகை வீடு, வெயில் எட்டிப்பார்க்காது. மண்ணே கூடாது, தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும்தான் என்று நான் படித்துச் சொன்னேன். மட்டையிலும் உப்பு இருக்கும் என்று நீ அதை ஏழு தண்ணீரில் அலசினாய். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைப்பாய். தங்கச்சி படியில் நின்று, "சோத்துல உப்புக் கொறைஞ்சாலும் இப்படிப் பாத்தது கெடையாது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீருக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கு அடுத்த வாசல் பல் டாக்டர் கிளினிக். அவருடைய ஏசி குழாயில் இருந்து நாள் முழுக்கச் சொட்டுகிற தண்ணீரில் ஒரு துளி உப்பு கிடையாது. ஒரு வாளியை வைத்தேன். ஊரார் பல்லைப் பிடுங்கும்போது சொட்டிய தண்ணீர்தான் நம் செடியை வளர்த்தது. ஐந்து லிட்டர் கேனில் பிடித்துச் சாயங்காலம் வண்டியில் வைத்துக்கொண்டு பேகம்பூரில் உன் வீட்டுக்கு வருவேன். கிளை வெட்டிப் பதியம் போட்டு, ஒன்று மூன்றாகி, மூன்று பதினொன்றானது.

இலைக்குக் கலர் பார்க்கிற வேலையை நீ எடுத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி, மாடிப்படி அறையின் வடக்குச் சுவர் ஓரமாக வைப்பாய். "தோலை வடக்கு வெளிச்சத்துலதான் பாக்கணும். நேரா வெயில் விழுந்தா எல்லாக் கலரும் பொய் சொல்லும்" என்பாய். இலையைத் தண்ணீரில் நனைத்த பெருவிரலால் துடைத்து, ஈரமாக ஒரு தடவை, காய்ந்த பிறகு ஒரு தடவை பார்ப்பாய். பசுமையாகக் கொழுகொழுவென்று இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். நீ உதட்டைப் பிதுக்குவாய். வெளிச்சம் பத்தவில்லை, அதனால்தான் கெண்டி விடாமல் வெறும் இலையாக விடுகிறது என்பாய். நீ சொன்னபடி, நிழலுக்கு மேலே கட்டியிருந்த பச்சை வலையை ஒரு சாண் நகர்த்தினால் அடுத்த மாசம் கெண்டி தொங்கும். எப்படிச் சொன்னாய் என்று கேட்டால், "பாத்தாத் தெரியுதுல்ல" என்பாய். எனக்குத் தெரியாது என்றுதான் அந்தத் தோல் துண்டைச் சாயம் ஏற்றி வெட்டிக் கொடுத்தாய். இளம் இலையின் முதுகு இந்த நிறத்துக்கு வந்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதே என்றாய்.

அந்த பக்ரீத் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குர்பானிக் கறியைச் சொந்தக்காரர்களுக்கு, இல்லாதவர்களுக்கு, வீட்டுக்கு என்று பங்கு போட்ட தங்கச்சி, நமக்குச் சொல்லாமல் மாடிக்குப் போய், பதினொரு செடியிலும் ஒரு கெண்டி விடாமல் ஆளுக்கு ஒரு துண்டு போட்டுவிட்டு வந்துவிட்டாள். மூன்றாம் நாள் நாற்றத்தில் மாடியில் கால் வைக்க முடியவில்லை. கெண்டி எல்லாம் கறுத்து அழுகித் தொங்குகிறது. நான் குதித்தேன். அவள் அழாத குறையாக, "கறி திங்கிற செடின்னு நீங்கதானண்ணே சொன்னீங்க. வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் பங்கு உண்டுல்ல? வாயில்லா ஜீவனுக்குக்கூடப் போடுறோம், இதுக்கு வாய் மட்டும்தானே இருக்கு" என்றாள். நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கும் கோபம் நிற்கவில்லை. எறும்பு ஒன்று இரண்டு விழுந்தால் போதும், இதற்குக் கறி விருந்து ஆகாது என்று அன்றைக்கு அவளுக்குப் பாடம் எடுத்தோம்.

இப்படியே இருந்திருக்கலாம். நான்தான் கெடுத்தேன்.

போன பங்குனியில் மேடம் போன் பண்ணினார். ஜூனில் கல்லூரி திறந்ததும் புதுப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு உயிர்ச்செடி கொண்டுவந்து அந்த ஜாடிக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் வெளுத்துப்போன ஒன்றைத் தூக்கிக் காட்டியவன், இப்போது பார் என்று ஒன்றைக் காட்டப்போகிறான். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பாக இருக்க வேண்டும். வெயில் கூடினால் இலை சிவக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதைதான். ஒரு சாயங்காலம் நீ பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் பச்சை வலையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன். நீ பார்த்தாய், என் ஆசைக்கு விட்டுவிட்டாய். பதினைந்து நாளில் இலை எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நான் தோல் துண்டை வைத்துப் பார்த்தேன். துண்டையும் தாண்டிவிட்டது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

அதற்குள் சித்திரை பாதி போய்விட்டது. நீ ஒரு இலையை விரலால் மடித்துப் பார்த்தாய். அது வளையாமல் நொறுங்கியது.

"வலையைப் போட்டுரு மாப்ள. அக்கினி நட்சத்திரம் வருது."

"நல்லா செவந்து வர்ற நேரத்துலயா?"

"இது செவப்பு இல்ல. கலர் வேற, காந்தல் வேற. புதுசா ஒரு கெண்டியாச்சும் விட்ருக்கா பாரு. இருக்கிறது உதடு காஞ்சுபோய் நிக்குது."

"காலேஜ் திறக்கிறதுக்குள்ள செவக்கணும்."

"செவந்துரும். அப்புறம் செடி இருக்காது."

நீ சொல்வது சரி என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. தெரிந்ததனால்தான் கோபம் அப்படி வந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னேன். "செத்த தோலுக்குச் சாயம் பூசுறவனுக்கு உசுரோட இருக்கிற இலையைப் பத்தி என்னடா தெரியும்?"

நீ கையில் இருந்த இலைத் தூளைத் தட்டிவிட்டாய். "சரி, நீ சொன்னா சரி. டீ போடச் சொல்றேன், குடிச்சிட்டுப் போ" என்றாய். நான் கேனைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டேன். தங்கச்சி, "என்னண்ணே, வந்ததும் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். நான் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் நான் வரவில்லை. நீயாக வந்து பேசட்டும் என்று வீம்பு. ஒவ்வொரு நாளும் வண்டியை எடுத்துத் துடைப்பேன், மறுபடி நிறுத்திவிடுவேன். பல் டாக்டர் கிளினிக் வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஜமீலா போன் பண்ணினாள். "மாமா, அத்தா..." என்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று அப்புறம் சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அடைப்புக்கு நெஞ்சில் ஸ்டென்ட் குழாய் வைத்த உடம்பு உன்னுடையது.

அன்று உன் வீட்டு வாசலில் நின்றேன். கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போட்டேன். யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது. திரும்பி வரும்போது தெருவில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே சிவந்த இலைகள் தெரிந்தன. வலை இல்லை. உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவனுக்கு, அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்று ஒரு நினைப்பும் வந்தது. அதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

தங்கச்சி இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாசம் பத்து நாள். புருஷன் போன பெண் வீட்டைவிட்டு வெளியே வராமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம். உன் வீட்டு மாடிப்படி உள்ளறையை ஒட்டித்தான் ஏறுகிறது. நான் எப்படிப் போவது? பேச்சுக்கு அண்ணன், அந்த நாலு மாசத்துக்கு நான் அந்நியன்தான். அவர்கள் முறை அது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அக்கினி நட்சத்திரம் மாடியில் கொளுத்திக்கொண்டிருந்தது. வலையைக் கழற்றியவன் நான். போட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை ஜமீலாவிடம் சொல்லியிருக்கலாம். மவுத்தான துக்க வீட்டில் போய்ச் செடியைப் பற்றிக் கேட்க நாக்கு எழவில்லை. உன்னோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும் என்ற வெட்கம் வேறு.

தண்ணீரை மட்டும் கொண்டுபோனேன். தினமும் காலையில் கேனை வாசல்படியில் வைத்துவிட்டு, மணியை ஒரு தடவை அடித்துவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் காலிக் கேன் அதே இடத்தில் இருக்கும். வைகாசி பிறந்து சில நாளில் தெருவில் இருந்து அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஒரு இலைகூட இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். கருகியதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், தண்ணீரை இஸ்திரிப் பெட்டிக்கோ இன்வெர்ட்டருக்கோ ஊற்றிக்கொள்கிறார்கள் போல. ஆனாலும் கேனை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த வாசலுக்கு வர எனக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். மாப்ள, அந்த நாட்களில் நான் யாரோடும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்க மாட்டேன். கடையில் போய், "அரைக்கிலோ பச்சரிசி" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யார் குரலோ மாதிரிக் கேட்கும். ஜூனில் கல்லூரி திறந்தது. மேடம் போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் ஜமீலா கூப்பிட்டாள். "இத்தா முடிஞ்சிருச்சு மாமா. அம்மா உங்களை வரச் சொன்னாங்க."

போனேன். தங்கச்சி பாதியாகியிருந்தாள். சலாம் சொல்லிவிட்டு, "உள்ள வந்து பாருங்கண்ணே. பாத்துட்டு என்னைய ஏசாதீங்க" என்றாள். அவள் இருந்த அறையின் ஜன்னல் ஓரமாக, பழைய பெஞ்சின் மேல் பதினொரு தொட்டி. பதினொன்றும் உயிரோடு! எல்லா இலையும் நீண்டு, மெலிந்து, வெறும் பச்சையாக. மருந்துக்கும் சிவப்பு கிடையாது. ஒரே ஒரு செடியில் மட்டும் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கெண்டி, அதுவும் பச்சை.

"மாடியில வெட்டவெளியில நிக்க வேணாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்கண்ணே. ஜமீலாவுக்குக் கைப்புள்ள, அவ மறந்துருவா. அதான் எல்லாத்தையும் எறக்கி எம் பக்கத்துலயே வச்சுக்கிட்டேன். நீங்க வச்சிட்டுப் போற தண்ணியத் தவிர வேற தண்ணி ஊத்தல. கறியும் போடல. கலருதான் போயிருச்சு."

"கலர் கெடக்குது தங்கச்சி, உசுரு இருக்குல்ல" என்றேன். ஜமீலா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்து வாயைவிட்டு அழுதேன். இம்புட்டு நாளாக அழாதவன் அன்றைக்கு உன் வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் தங்கச்சி அதைச் சொன்னாள்.

"நீங்க கோவிச்சுட்டுப் போன மறுநாள்ல இருந்து அவுக ஒரு வேலை பாத்தாகண்ணே. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்ததும் மேல போயி பதினொரு தொட்டியையும் ஒவ்வொண்ணாத் தூக்கிப் படிரூம்பு நெழல்ல வைப்பாக. சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்து எல்லாத்தையும் மறுபடி தூக்கிப் பழைய எடத்துலயே வெயில்ல வைப்பாக. எதுக்கு இந்தக் கூத்து, நெழல்லயே கெடக்கட்டுமேன்னு கேட்டேன். 'அஞ்சு மணிக்கு வருவான். வந்து பாக்கையில எடம் மாறியிருந்தா மனசு சங்கடப்படும். அவன் வச்ச எடத்துலயே இருக்கட்டும்'னாக."

"எத்தனை நாளு?"

"நீங்க வராத அம்புட்டு நாளும்."

ஈரத்தோடு தூக்கினால் தொட்டி ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குக் குறையாது. குழாய் வைத்த நெஞ்சு. சித்திரை வெயில். என் வீம்புக்காக இரண்டு நேரம் தூக்கியிருக்கிறாய். என் முகத்தைப் பார்த்ததும் தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது. "அவுக மவுத்தானது காலையிலண்ணே. தொட்டி தூக்குற நேரமில்ல. டாக்டரு கிட்டயும் கேட்டுட்டோம். அதைப் போட்டு மனசுல ஒழப்பிக்கிறாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் மனசு அதை உழப்பிக்கொண்டுதான் இருக்கிறது. தூங்கப் படுத்தால் நீ ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறாய்.

நீ சொன்னதுதான் சரி மாப்ள. அது காந்தல்தான். இன்னும் பத்து நாள் மத்தியான வெயிலில் நின்றிருந்தால் பதினொன்றும் போயிருக்கும். செத்த தோல் என்று நான் சொன்ன சொல்லை நீ தங்கச்சியிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. சொல்லியிருந்தால் அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாள். அந்தச் சொல்லுக்கு என்னை மன்னித்துவிடு. நேரில் கேட்டிருந்தால், "போடா, டீயைக் குடி" என்று சொல்லியிருப்பாய். அதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தொட்டிகளை மறுபடி மாடிக்கு ஏற்றி, வலையை நானே கட்டினேன். ஜமீலா கைப்பிள்ளையோடு அங்கேயேதான் இருக்கிறாள், அதனால் போய்வருவதில் சங்கடம் இல்லை. இந்த மழையில் புது இலை விடுகிறது. வடக்குச் சுவர் ஓரமாக வைத்து, ஈரமாக ஒரு தடவை, காய்ந்த பிறகு ஒரு தடவை பார்க்கிறேன். லேசாகச் சிவப்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது. சரியான கலர்தானா, இன்னும் வெளிச்சம் வேண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பிக் கேட்கலாம் என்றால் பக்கத்தில் யாரும் இல்லை.

முன்னெல்லாம் நாலரைக்கு வருவேன், ஆறு மணிக்கு வருவேன், நேரம் காலம் கிடையாது. இப்போது அப்படி இல்லை. மழையென்றாலும் வெயிலென்றாலும், மாடியில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அஞ்சு மணிக்குப் படி ஏறிவிடுகிறேன். கதவைத் திறந்ததும், "வந்துட்டேன் மாப்ள" என்று சத்தமாகவே சொல்கிறேன். பக்கத்து மாடியில் துணி எடுக்கிற பொம்பளை திரும்பிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.